பத்தொன்பது செக்கன்

திருக்கடலூர் மீனவர் சங்கக் கணினிக்கு
வயது பதினாறு.
மூடியில் ஒட்டிய நன்கொடை ஸ்டிக்கரில்
நாட்டின் பெயரை உப்புக்காற்று தின்றுவிட்டது,
கொடியில் ஒரு நிறம் மட்டும் மிச்சம்.
காலை எட்டரைக்குப் பொத்தானை அழுத்தினால்
நான் கூட்டி, தண்ணீர் தெளித்து,
வாசலில் மான் மென்றுகொண்டிருக்கும் பழைய பேரேட்டைப் பறித்து,
தேத்தண்ணி ஊற்றி ஆற வைத்துக் குடித்த பிறகும்
அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"வித்துப்போட்டுப் புதிசு எடுப்பம்" என்றார் தலைவர்.
பொருளாளர் எலியாஸ் சிரித்தார்.
சங்கக் கணக்கில் கிடந்தது
இரண்டு வலைக்கும் காணாது.

ஒரு சனிக்கிழமை
கிண்ணியாவில் நபீல் தந்த பென்டிரைவோடு
நானே இறங்கினேன்.
காசில்லாத இயங்குதளம்.
முகம் தெரியாத ஆட்கள் இரவிரவாக எழுதி
எடுத்துக்கொள் என்று விட்டது.
முதல் நாள் அதுவும் இழுத்தது.
மினுங்கும் சாளரம், நிழல், அசைவு:
எங்கட இரண்டு ஜிபி நினைவகத்துக்கு
அது கூறைச்சேலை.

கழற்றினேன். மெலிந்த முகப்பு ஒன்றைப் போட்டேன்.
தொடங்கும்போதே கூட எழும்பும் சேவைகளை
ஒவ்வொன்றாய் மறித்துக் கேட்டேன்:
நீ ஆர்? உனக்கு இங்க என்ன வேலை?
புளூடூத், உன்னோடு பேச இங்கே ஒருத்தரும் இல்லை, போ.
கைரேகை, தொட்டுப் பார்க்க இடமே இல்லை, போ.
கோப்புகளைச் சதா துழாவி அட்டவணை போடுகிறவனே,
நல்லவன்தான் நீ, ஆனாலும் போ.
அச்சுப்பொறி, நீ இரு.
(அவசரத்தில் வலையமைப்பையும் அனுப்பிவிட்டு
அரை நாள் தேடித் திரிந்தது தனிக்கதை.)
நினைவகம் நிரம்பினால் வட்டுக்கு ஓடாதே,
அமத்தி உள்ளுக்கேயே வை என்றேன்,
கருவாட்டுப் பெட்டியில் கடைசி அடுக்குப்போல.

எழும்பி நின்றபோது இருநூற்றுப் பதினெட்டு எம்பி.
ஆனாலும் பத்து மணிக்கு மேல் மூச்சு வாங்கியது.

"அக்கா, திறந்து பார்த்தீங்களா?" என்றான் நபீல் போனில்.

திறந்தேன்.
விசிறிக்குள் மணல்,
பல்லி முட்டை ஒன்று,
தகட்டில் ஒட்டிக் காய்ந்த செதிள்கள்.
"விளைமீன்" என்றார் எலியாஸ்
எட்டிப் பார்த்து, வரவு வைப்பதுபோல.
கை கழுவாமல் சீட்டு வாங்க வந்த
பதினாறு வருசம் அதற்குள் இருந்தது.
செயலியின் மேல் பசை சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
துடைத்தேன். புதுப்பசை, பயற்றங்கொட்டை அளவு.
பழைய வட்டுக்குப் பதில்
நபீல் மூன்று தவணைக்கு ஒத்துக்கொண்ட எஸ்எஸ்டி,
சீட்டுக்கட்டைவிட மெலிசு.

திங்கள் காலை பத்தொன்பது செக்கன்.
எலியாஸ் மணிக்கூட்டைப் பார்த்தபடி
"இன்னொருக்கா" என்றார்.
இன்னொருக்காவும் பத்தொன்பது.

பிறகு வின்சன்தாஸ் வந்தார், மண்ணெண்ணெய்ச் சீட்டுக்கு.
வழமையாய், அது எழும்பும்வரை வாங்கில் இருந்து கதைப்பார்:
எஞ்சினுக்குள் தண்ணி போனது,
புறாத்தீவுப் பக்கம் நீரோட்டம் மாறினது,
கட்டாரில் மகன்.
அந்த இடத்தில் நிறுத்தி
திரும்ப எஞ்சினுக்குப் போய்விடுவார்.
அன்றைக்கு அவர் குனிந்து வாங்கைத் தட்டுமுன்னமே
சீட்டு வந்துவிட்டது, சுடச்சுட.

கையில் பிடித்தபடி நின்றார்.
"அவ்வளவும்தானா பிள்ளை?"
"அவ்வளவும்தான்."
சீட்டை மடித்தார். விரித்தார். இன்னொருமுறை மடித்தார்.

நான் கணினியை நிறுத்தினேன்.
"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பார்க்கவேணும், இருங்கோ"
என்று பொத்தானை அழுத்தினேன்.
இருந்தார்.
கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின.
பதினாலாவது செக்கனில்
"மகன் எடுத்து மூண்டு மாசம்" என்றார்.
மிச்ச ஐந்து செக்கனும்
இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.