காய் நகர்த்தல்

பெர்ன் நகரில் ஆறாம் நாள்.
வரைவின் கடைசித் தாளில் இன்னும் உதிராத
ஒரு சதுர அடைப்பு:

[இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்]

அழுகும் சரக்கைச் சுங்கம் எவ்வளவு நேரம்
பிடித்து வைக்கலாம் என்பதற்கு
நாங்கள் முன்வைத்த சொற்கள்.
அவர்கள் ஒப்பும்வரை
இரண்டு கோடுகளும் எதிரெதிரே
முகம் பார்த்து நிற்கும்,
எங்களைப் போல.

அந்தப் பக்கம் ரெகுலா ஸ்பின்டன்,
பென்சிலைத் தாளின் விளிம்புக்கு இணையாக வைப்பவர்.
இந்தப் பக்கம் எங்கள் தேஷ்பாண்டே,
தேநீரை ஆறவிட்டு, ஆறிவிட்டதென்று சலிப்பவர்.
நான் மூன்றாம் நாற்காலி. குறிப்பெடுப்பவள்.
பேசுவது என் வேலை அல்ல.

கைக்கடிகாரம் மூன்றாம் நாளே முடிந்தது.
மருந்துகள், நான்காம் நாள் பின்னிரவில்,
ஒரு காற்புள்ளியை இடம் மாற்றியதும்.
டர்பைன்கள் தும்மல்கூட இல்லாமல் கடந்தன.
மாட்டிக்கொண்டது முருங்கைக்காய்.

பூச்சிமருந்து எச்சம் பார்க்க ஐந்து நாள் வேண்டும் என்றார் அவர்.
ஐந்து நாளில் அது விறகு என்றார் இவர்.
பேச்சு முற்றியது.

இடைவேளைக்கு எழும்போது ஸ்பின்டன் கேட்டார்,
கேலியில்லாமல்:
"உண்மையில் அது எப்படி இருக்கும்?"
எங்கள் கோப்பில் எட்டு இலக்க எண் இருந்தது.
படம் இல்லை.
தேஷ்பாண்டே இரு கைகளால் நீளம் காட்டினார்,
தப்பிய மீனைப் பற்றிச் சொல்பவர்போல.

நான் டிராம் ஏறினேன்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் சிவகடாட்சத்தின் கடை.
ஆறு காய்கள், ஒரு கட்டு, ஒன்பது பிராங்க்.
"ஏன் இந்த விலை?"
"அஞ்சு நாள் சுங்கத்திலை கிடக்கும் பிள்ளை.
அரைவாசி குப்பைக்கு.
எறிஞ்சதின்ரை விலையும் மிச்சத்தின்ரை தலையிலைதான்."

இரு அரசுகளும் சேர்த்த
நானூறு பக்கப் புள்ளிவிவரத்தில்
இந்தக் கணக்கு இல்லை.
ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

வாசலில் ஊடுகதிர் எந்திரம்.
திரையில் காய்களுக்குள் விதைகள்
வரிசையாக, முதுகெலும்புபோல.
காவலர் வெகுநேரம் பார்த்தார்.
ஆயுதம் இல்லை என்று முடிவானது.

பிற்பகல் அமர்வில்
தேஷ்பாண்டே ஒன்றை எடுத்து மேசையில் தள்ளினார்.
சதுரங்கம் தெரிந்தவர்கள்
காய் நகர்த்துவதைப் பற்றி நிறையச் சொல்வார்கள்.
இது வெறும் காய்.
இரண்டு குட்டிக் கொடிகளுக்கு நடுவே ஊர்ந்து
தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி
அவருடைய பென்சிலை இடித்து நின்றது.
பென்சில் கோணலானது.
அவர் சரிசெய்யவில்லை.

காயை எடுத்தார். வளைத்தார்.
"எப்படிச் சாப்பிடுவீர்கள்?"

"சக்கையைச் சப்பித் துப்பவேண்டும்."

ஆறு நாளில் நான் பேசிய ஒரே வாக்கியம்.
குறிப்பில் சேர்க்கவில்லை.

ரசீதைக் கேட்டு வாங்கினார்.
ஒன்பது பிராங்க் என்பதை இருமுறை படித்தார்.
பிறகு தாழ்வாரத்தில் நாற்பது நிமிடம்
யாருடனோ தொலைபேசியில், தாழ்ந்த ஜெர்மனில்.
திரும்பியபோது கையில் இருந்தது:
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், கூடியவரை.

அந்தக் கூடியவரைக்காக
தேஷ்பாண்டே ஒன்றரை மணி நேரம் போராடினார்.
அது போகவில்லை.
இரண்டு நாள் எங்கள் வரவு,
ஒரு சொல் எங்கள் செலவு.
அடைப்பு உதிர்ந்தது.
பேச்சுகள் ஆக்கபூர்வமாக நடந்தன என்று
கூட்டறிக்கையைத் தட்டச்சு செய்தேன்.

படிக்கட்டில் ஸ்பின்டன் பின்னாலேயே வந்தார்.
காய் அவர் கையில்.
வைத்துக்கொள்ளலாமா? ஆனால்
பரிசுப் பதிவேட்டில் எழுதவேண்டும். மதிப்பு?
"ஒன்றரை பிராங்க்."
சுவரில் தாளை வைத்து எழுதினார்.
பேரம் எதுவும் பேசவில்லை.

மீதி ஐந்தும் என் விடுதி ஜன்னலில்.
கீழே ஆரே ஆறு பச்சையாகப் போகிறது.
அறையில் அடுப்பு இல்லை.
விமானம் நாளை மறுநாள்.