எட்டு என்று எழுதினேன்

பம்பரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்.
அவ்வளவுதான்.
லனெல்லிக்கு வெளியே, ட்ரோஸ்ட்ரே வட்டச்சந்தியில்,
முன்னால் நின்ற சாம்பல் நிறக் காரை
என் கார் போய்த் தொட்டது.
தொட்டது என்றுதான் அன்றைக்குச் சொன்னேன்.
இடித்தது என்ற சொல்லை
முதலில் எழுதியது காப்பீட்டுக் கம்பெனி.

மழையில் இறங்கி நின்றோம் இருவரும்.
உங்களுக்கு ஒன்றுமில்லையே?
ஒன்றுமில்லை, உங்களுக்கு?
பெயர் கெதின் ப்ரொதரோ. முடி வெட்டுகிறவர்.
என் தலையைப் பார்த்துவிட்டு
நுனியெல்லாம் வெடித்திருக்கிறது,
ஒருநாள் கடைக்கு வாருங்கள் என்றுகூடச் சொன்னார்.
மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன்.
மூன்றும் இப்போது கோப்பில் இருக்கின்றன.

ஆறாவது வாரம் வந்தது கடிதம்.
கழுத்து. வலது தோள். தூக்கமின்மை.
வேலைக்குப் போகாத நாள்கள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை,
கசாப்புக் கடையின் விலைப்பலகை மாதிரி.

ரிதியன் சிரித்தான்:
"ஒன்றுமில்லை என்றவனுக்கு
ஆறு வாரத்தில் கழுத்து முளைத்துவிட்டதா?"
நானும் சிரித்தேன்.
அடுத்த வருடப் பிரீமியத்தை யாரோ சொல்லும்வரை.

கம்பெனிக்குப் போன் செய்தால்
ஒரு பியானோ. நடுநடுவே ஒரு குரல்:
பொறுங்கள், பொறுங்கள், பொறுத்ததற்கு நன்றி.
கடைசியில் ஒரு பையன் வந்து
பொறுப்பு யாருடையது என்று கேட்டான்.
என்னுடையது.
அவரோடு இனிப் பேச வேண்டாம் என்றான்.
பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வியாழன் விடுமுறை.
அவர் கடைக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில்,
எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நின்றேன்.
கையில் போன்.
பதினான்கு விநாடி எடுத்தேன்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் சிரிக்கிறார்.
நாற்காலியில் ஒரு பெண்ணும் சிரிக்கிறாள்.
ஒன்பதாவது விநாடியில்
தன் வலது முழங்கையை இடது கையால் ஏந்தி
அவள் உச்சந்தலை வரை உயர்த்துகிறார்,
வேறு யாருடைய கையையோ தூக்கிக் கொடுப்பதுபோல.
பிறகு உதவிக்கு இருக்கும் சிறுமியைக் கூப்பிட்டு
கத்தரியை அவளிடம் கொடுத்துவிடுகிறார்.
கடையில் நாற்காலிகள் எல்லாவற்றையும்
தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார்கள்.
அது படத்தில் விழவில்லை.

ரிதியன் பார்த்தான்.
"பார், எப்படிச் சிரிக்கிறான். அனுப்பு இதை."
இன்னொரு முறை ஓட்டச் சொன்னான்.
இன்னொரு முறையும் சிரிப்பைத்தான் பார்த்தான்.

அன்று ராத்திரி என் படிவத்தின் நகலை எடுத்தேன்.
மோதியபோது வேகம் என்ற கட்டத்தில்
எட்டு மைல் என்று எழுதியிருக்கிறேன்,
என் கையெழுத்தில், அழகாக.
ஏன் எட்டு?
பத்து என்றால் யாராவது புருவத்தைத் தூக்குவார்கள்.
எட்டு சின்னப் பிள்ளை மாதிரி,
யாரும் அதட்ட மாட்டார்கள்.

இருக்கையிலிருந்து சிப்ஸ் பொட்டலம் சரிந்தது.
கை அதன் பின்னால் போனது, கண் கையின் பின்னால் போனது.
நிமிர்ந்தபோது முள் எங்கே இருந்தது
என்று நான் பார்க்கவேயில்லை.
கால் மிதியடியில் இன்னும் வினிகர் வாசனை.
பதினைந்து இருக்கலாம். அதற்கு மேலும்.

நான் வேகத்தில் கொஞ்சம் குறைத்தேன்.
அவர் வலியில் கொஞ்சம் கூட்டியிருக்கலாம்.
கூட்டாமலும் இருந்திருக்கலாம்,
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.
தூக்கமின்மைக்கு அந்தக் கடிதத்தில்
என்ன தொகை என்று எடுத்துப் பார்த்தேன்.
அதிகமில்லை.

காலையில் ரிதியன் வேலைக்குப் போனதும் போன் செய்தேன்.
பியானோ.
பொறுங்கள்.
பின்னால் தபால்காரர் வந்த சத்தம்.
யார் என்று திரும்பிப் பார்த்தேன்,
கழுத்து எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது.
பொறுத்ததற்கு நன்றி.
அதே பையன்.
உரிமைக்கோரல் எண்ணைச் சொல்லுங்கள் என்றான்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.