பாதி வண்டி

விவாகரத்துத் தாளில்
வீடு அவனுக்கு, படகு எனக்கு,
நாய் மாறி மாறி என்று எழுதியாயிற்று.
தொண்ணூற்று மூன்றாம் வருடத்து வால்வோவை மட்டும்
எந்தப் பத்தியிலும் சேர்க்க இருவருக்கும் கை வரவில்லை.
அதனால் பாதி பாதி.

எது யார் பாதி என்று
வக்கீலிடம் சொல்லவில்லை.
டாகே பானட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தான்.
நான் குனிந்து
சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன்.
பாகப்பிரிவினை முடிந்தது.

ஹூசூமில் காகித ஆலைப் புகை
மைனஸ் இருபத்திரண்டில் மரம்போல் நிமிர்ந்து நிற்கும்.
ஷெட்டுக்குள் ஒரு ஹீட்டர்,
பேசாமல் வேலை செய்ய இரண்டு விளக்கு.

தொழிற்சாலை கொடுத்தது நூற்று அறுபத்தைந்து குதிரை.
அவனுக்கு நானூறு வேண்டும்.
'பெரிய டர்போ போட்டால் போதும் ஹெட்விக்'
என்கிறான், வந்திறங்கிய அட்டைப்பெட்டியை
இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
இவ்வளவு மூச்சை இழுத்தால் விலா தாங்குமா?
கேட்டேன்.
எதையும் கேட்டுக்கொண்டே இருந்ததுதான்
எங்கள் கல்யாணத்தின் கோளாறு என்பான்.

முதலில் கம்ப்ரெஷன் பார்த்தோம்.
பதினொன்று, பதினொன்று, பத்தரை, பதினொன்று.
முப்பது வயது இரும்புக்கு இது நல்ல நாடி.
அதற்குமேல் எல்லாம் செலவு.
உள்ளே இருந்த கனெக்டிங் ராடுகளைக் கையில் எடுத்தால்
சிரிப்பு வந்தது, அவ்வளவு ஒல்லி.
பழையவை மேசை விளக்குக்குக் காலாயின.
புதியவற்றுக்கு ஆறு இரவு ஷிஃப்ட் பார்த்தேன்.
பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச்,
காற்றை ஆறவைக்கும் அகலமான கூலர்,
தொட்டாலே உதிர்ந்த ரப்பர் குழாய்கள்.
காற்றை மட்டும் ஊட்டி
எரிபொருளைக் குறைத்தால் பிஸ்டன் மெழுகு.
இதை அவனே சொன்னான்,
தான் கண்டுபிடித்ததுபோல.

என் பாதியை நான் நவம்பரிலேயே முடித்துவிட்டேன்.
உமேயோவின் உடைப்புக் களத்தில்
விபத்தான ஒரு பெரிய வண்டியின் பிரேக்குகள்:
சோற்றுத் தட்டு அகலத்தில் டிஸ்க்,
நான்கு பிஸ்டன் காலிப்பர்.
மூன்று மாதம் அந்த வண்டி
பஸ்போல் கிளம்பி
பாறைபோல் நின்றது.
பக்கத்து வீட்டு எபே
வேலியில் சாய்ந்து சிரித்தார்.
சிரிக்கட்டும்.

பிப்ரவரியில் சுண்ட்ஸ்வாலுக்குப் போனோம்.
உருளைகள்மேல் ஏற்றி, நான்கு பட்டையால் கட்டி,
காதில் கேட்பானை மாட்டிவிட்டார் அல்வார்.
நிறுத்தும் பொத்தான் என் கையில்.
இருநூற்று நாற்பது. இருநூற்று தொண்ணூறு.
டாகேவின் முகத்தைப் பார்க்கவில்லை,
பார்த்தால் விட்டுக்கொடுத்திருப்பேன்.
முந்நூற்று நாற்பத்தெட்டில்
தகரத்தில் கோலிக்குண்டு விழுந்த மாதிரி
ஒரு சத்தம். ஒன்றே ஒன்று.
அழுத்திவிட்டேன்.

அப்படி ஓர் அமைதியை
கோர்ட்டில்கூடக் கேட்டதில்லை.

'ஒன்றுமில்லை, இன்னொரு தரம்' என்று வாயெடுத்தவன்
தானே போய் மூன்றாவது பிளக்கைக் கழற்றினான்.
வெள்ளைப் பீங்கானில்
மிளகுத்தூள்போல் அலுமினியப் பொடி.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு அல்வாரிடம்,
'பூஸ்டைக் குறைத்துவிடுங்கள்' என்றான்,
எனக்குக் கேட்காத குரலில்.
எனக்குக் கேட்டது.

முந்நூற்று இருபது.
அச்சடித்த தாளை மடித்துத்
தன் பையில் வைத்தான்,
பிறகு எடுத்து
டேஷ்போர்டில், நடுவில், வைத்தான்.

திரும்பும் வழியில் ஹோகா குஸ்டன் பாலத்தில் காற்று.
எல்க் எதுவும் குறுக்கே வரவில்லை.
வந்திருந்தால் இந்தக் கவிதை
என் பிரேக் பக்கம் சாய்ந்திருக்கும்.
முன்னால் மரம் ஏற்றிய ஒரு லாரி,
பின்பக்கமெல்லாம் பனித்தூள்.
முந்நூற்று இருபது குதிரையும்
எழுபது கிலோமீட்டர் வேகத்தில்
கனைக்காமல் நடக்கின்றன.

'முந்தலாமா?'
கேட்டான். டாகே. என்னை.

கண்ணாடியைத் துடைத்து
தூரத்து வளைவைப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றேன்.
சரி என்று
ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிட்டான்.