மூன்றாம் இலக்கம்

பதினொரு சீசன் றகர் ஆடினேன்.
முதல் வரிசை, வலது பக்கம்.
பந்தை ஏந்தி ஓடியது ஒரே ஒரு தரம்,
அதுவும் நடுவர் விசில் ஊதிய பிறகு.

நித்தவலை மைதானத்தில் மழை விழுந்தால்
எங்களுக்குத்தான் முதலில் மணக்கும்.
முகம் புல்லுக்கு அத்தனை கிட்ட.
க்ரவுச். பைண்ட். செட்.
பின்னால் நிற்கிற ஐந்து பேரின் பாரமும்
என் கழுத்தில் இறங்கி எதிராளி கழுத்தில் ஏறும்.
அவன் மூச்சில் வெள்ளைப்பூடு.
ஒரு தடவை அழுதான்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

கைதட்டல் கேட்டுத் தலையைப் பிடுங்கிப் பார்த்தால்
தூரத்தில், கம்பங்களுக்கு அடியில், ரொஷான்.
காற்சட்டையில் சேறே இல்லை.

பேப்பரில் என் பெயர் இரண்டு முறை வந்தது.
காயப்பட்டோர் பட்டியலில் ஒன்று.
மற்றதில் எழுத்துப் பிழை;
செல்வமலர் வெட்டியெடுத்து
பேனாவால் திருத்தி ஒட்டிவைத்தாள்:
மரியசூசை.

கழுத்தெலும்பு இரண்டு தேய்ந்துவிட்டதாம்.
டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
"இனி அரிசி மூட்டைகூடத் தூக்காதே."
சரி என்றேன். தலையசைக்க முடியவில்லை.

திரும்பி வந்த ஹட்டன் பஸ்
கினிகத்தேனைக்கு மேலே சேற்றில் புதைந்தது.
எல்லாரும் இறங்கினோம்.
கழுத்துப் பட்டையைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டு
ஈரத் தகரத்தில் தோளைக் கொடுத்தேன்,
வலது பக்கம்.
பக்கத்தில் ஒரு மரக்கறி வியாபாரி,
இரண்டு பள்ளிக்கூடப் பொடியன்கள்,
குடையை விடாத ஒரு கணக்கப்பிள்ளை.
வாய் தானாகச் சொன்னது:
க்ரவுச்.
அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் குனிந்தார்கள்.

பஸ் ஏறியது.
யாரோ கைதட்டினார்கள்,
டிரைவருக்கு.