பற்றுச்சீட்டு

கொக்குவில் கிழக்கு, இரண்டு பரப்பு மூன்று குழி.
கிணற்றில் பதினாறில் ஒரு பங்கு,
வழி வாய்க்கால் உரித்து உட்பட.
வடக்கெல்லைக்காரர் செத்து இருபது வருசம்;
உறுதிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

ஒஸ்லோவிலிருந்து அண்ணர்:
"சீட்டு எழுதினனியோ?
பத்து வருசம் சும்மா விட்டால்
ஆட்சி உரிமை எண்டு வழக்கு வைப்பினம்."
அற்றோணித் தத்துவம் என் பெயரில்.
ஊர்ப் பகையும்.

ஒன்பதாம் வருசம்.
யூலியற்றா வாடகையை எண்ணி வைத்தாள்.
மதில் வெடிப்புக்குத் தான் குழைத்த சீமெந்தைக்
கழிக்கச் சொல்லவில்லை.
"சீட்டை மறக்காதேங்கோ.
நாளைக்கு எழுப்பினால்
இருந்தனான் எண்டு காட்ட
எனக்கும் ஒரு எழுத்து வேணும்."

அழுத்தி எழுதினேன்.
மேல் தாள் அவளுக்கு.
அண்ணருக்கு,
கார்பன் ஊறிய மங்கல்.