மூன்று நாள் இருட்டு

மஞ்சக்குப்பம் பல் ஆஸ்பத்திரியில்
நாற்காலி வரிசைக்கு எதிரே
நாலடி நீளத்துக்கு ஒரு கடல்.
அதற்குப் பாசி பிடித்திருந்தது.

பாறையோரம் பச்சையாக ஒரு சந்தேகம், முதலில்.
பத்தே நாளில் முடி.
பம்ப் ஊதும் பக்கமெல்லாம் சாய்ந்து,
எண்ணெய் காணாத தலை மாதிரி.
"இதுக்கும் ஒரு ஸ்கேலிங் பண்ணிடு, அஞ்சலாட்சி"
என்றார் டாக்டர் பிலவேந்திரன்,
கையுறையைக் கழற்றாமல்.

பிரஷ்ஷுக்கா பஞ்சம் இங்கே?
முழங்கை வரை உப்பில் விட்டுத் தேய்த்தேன்.
ட்யூபை வாயால் உறிஞ்சி இழுத்தேன்,
ஒருமுறை தொண்டை வரை வந்துவிட்டது.
வாளியில் கிடந்தது,
வேகவைத்துப் பிழிந்த கீரை போல.
எட்டாம் நாள்
எதுவுமே நடக்காதது போல் மறுபடி வளர்ந்திருந்தது.

தேவனாம்பட்டினத்துச் சூரியமூர்த்தி
கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு
பஞ்சைக் கடித்தபடி தொட்டி முன் நின்றார்.
எந்தத் தண்ணி என்று கையாலேயே கேட்டார்.
போர் தண்ணி, உப்பு மட்டும் சென்னையிலிருந்து,
வாளி ஆறாயிரம் என்றேன்.
கிழக்கே கையைக் காட்டினார்.
சைக்கிள் மிதித்தால் கால்மணி நேரம்.
கெடிலம் கலக்கிற தண்ணி வேண்டாமாம், டாக்டர் சொல்கிறார்.
பேரிலேயே கடல் இருக்கிற ஊர்.
அவருக்குச் சிரிப்பு வந்து, பஞ்சு விழுந்து,
சட்டையில் ரத்தம்.

போர் தண்ணியை நிறுத்தினேன்.
ஆர்.ஓ. கேனில் உப்பைக் கரைத்தேன்.
பத்து மணி நேர விளக்கை ஆறாக்கினேன்.
தெர்மாகோல் பெட்டியில் பஸ்ஸேறி வந்தன
பன்னிரண்டு நத்தைகள். மூன்று வழியிலேயே போயின.
மற்றவை ராத்திரியெல்லாம் கண்ணாடியை மேய்ந்தன,
முடியை மட்டும் தொடவில்லை.
சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால்
நீலம். அடர் நீலம்.
பாஸ்பேட் இருக்கிறது என்று சொல்லும்,
எங்கிருந்து என்று குப்பி சொல்லாது.

வியாழக்கிழமை கண்டேன்.
செம்மண்டலம் கணக்கு டீச்சர் புனிதவல்லி,
ரூட் கெனாலுக்கு மூன்றாவது தடவை.
உள்ளே ட்ரில் சத்தம் ஏறும்போது
மூடியை ஒரு விரற்கடை தூக்கி
ஆரோரூட் பிஸ்கட்டை உடைத்துப் போட்டார்.
சத்தம் நின்றால் கை நின்றது.
ஏறினால், இன்னொரு துண்டு.

அவர் மட்டுமா.
முறுக்கு, பொரி, ஒரு பையன் தேங்காய் மிட்டாய்.
மெல்ல முடியாத வாய்கள் அத்தனையும்
இங்கேதான் ஊட்டியிருக்கின்றன.
மீன் தின்றது போக மிச்சம் மக்கி
பாறைக்கு எரு.

போடாதீர்கள் என்று எழுதி ஒட்டினேன்.
பிறகு கறுப்பு ரெக்சினால்
தொட்டியைச் சுற்றிக் கட்டினேன்.
மூன்று நாள் வெளிச்சம் இல்லை, இரை இல்லை.

அந்த மூன்று நாளும்
பயத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.
இத்தனை வருஷம் என்னிடம் பேரும் வயசும் மட்டும் சொன்னவர்கள்
வலிக்குமா என்று கேட்டார்கள்.
ஊசி பெரிசா. பாதியில எழுந்துக்கலாமா.
வலிக்கும், கொஞ்சம்
என்றேன் எல்லாரிடமும்.
புனிதவல்லி டீச்சர் பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துவிட்டு
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
டோக்கன் கூப்பிடும் வரை விடவில்லை.
ரசீது போட வேண்டியிருந்தது.
இடது கையால் போட்டேன்,
முந்நூற்றைம்பது முந்நூற்றெண்பது மாதிரி விழுந்தது.

நாலாம் நாள் காலை அவிழ்த்தேன்.
முடி நரைத்திருந்தது.
விரல் பட்டதும் கழன்று வந்தது.
ஆரஞ்சு மீன் இரண்டும் சற்றே வெளிறி
என்னைப் பார்த்தன,
கோபமில்லை, பசி.

பம்ப்புக்குப் பின்னால், பிரஷ் நுழையாத இடுக்கில்
ஒரு கொத்து இன்னும் பச்சை.
போயிடுச்சா என்றார் டாக்டர்.
வாசலில் எல்லாரிடமும் சொல்வதையே
அவரிடமும் சொன்னேன்:
ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும் சார்.