இருபத்தெட்டு பாயிண்ட்

கிழங்கை மண் போகக் கழுவி
ஐந்து கிலோ நிறுத்து
கம்பிக்கூடையோடு தண்ணீருக்குள் இறக்க வேண்டும்.
வெளியே என்ன எடை என்பது பொருட்டில்லை.
மூழ்கியபின் முள் எங்கே நிற்கிறதோ
அதுதான் பாயிண்ட்,
அதுதான் மாவு, அதுதான் விலை.

அயோத்தியாப்பட்டணத்து ஜவ்வரிசி ஆலையில்
பதினோரு வருடம் அந்த முள்ளைப் பார்த்தவன் நான்.
முள் இருபத்தெட்டு என்னும்.
என் பேனா இருபத்தைந்து என்னும்.
மூன்று பாயிண்ட் முதலாளிக்கு.
எனக்குத் தீபாவளிக்கு ஒரு கவர்,
கிறிஸ்தவன் ஆனபின் கிறிஸ்துமஸுக்கு.
தேதிதான் மாறியது.

ஞானஸ்நானம் பங்குனியில்.
திருமணிமுத்தாறு இறங்கும்படியா இருக்கிறது?
சபைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி,
லாரித் தண்ணீர், இடுப்பளவு.
போதகர் பிடரியைப் பிடித்து அமிழ்த்தினார்.
காதுக்குள் தண்ணீர் புகுந்த அந்த நொடியில்
வேறெதுவும் தோன்றவில்லை, சத்தியமாக,
கம்பிக்கூடைதான் தோன்றியது.
மேலே யாரோ நின்று
முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
எழுதுகிறவர் எப்படிப்பட்டவரோ.

வியாழன்தோறும் வகுப்பு.
சீடன் என்பவன் யார், மூன்று வரியில் எழுதுக.
நான் ஐந்து வரி எழுதினேன்.
பக்கத்து நாற்காலி சூசன்னாள்
என்னைப் பார்த்துக் காப்பியடித்தாள்.
இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண்.
மறுநாள் காலை ஆலைக்குப் போய்
இருபத்தைந்து எழுதினேன்.

தை மாத லோடு. பேளூர்ப் பக்கத்துப் பாவாயி.
வாடகை டிராக்டர், முந்தானையெல்லாம் மண்.
ஏன் அன்றைக்கு என்று கேட்டால் தெரியாது.
ஜெபித்துவிட்டு வரவில்லை,
முந்தின ராத்திரி வீட்டில் சண்டை.
சேர்வராயன் மலைமேல் மேகம்கூட வழக்கம்போலத்தான்.
முள் நின்ற இடத்தைக் கை எழுதிவிட்டது.

நன்றி சொல்வாள் என்று
முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"அதே காடு, அதே கரணை,
மழையும் போன வருசத்தவிடக் கம்மி.
இப்ப இருபத்தெட்டுன்னா
அப்ப இருபத்தஞ்சுன்னீங்களே,
அது என்னங்க?"

வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.
முதல் உண்மை தனியாக வராது,
பழைய பாக்கியைக் கூடவே
கையைப் பிடித்துக் கூட்டிவரும் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
"ஆமாங்க" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

முதலாளி கத்தவில்லை. படித்தவர்.
திங்கள் முதல் என்னைக் காயப்போடுகிற களத்துக்கு மாற்றினார்.
முள்ளுக்கு எதிரில் இப்போது நல்லதம்பி.
என் நாற்காலி, என் பேனா,
கையெழுத்து மட்டும் என்னுடையதைவிட அழகு.
வெயிலில் ஜவ்வரிசியைக் கிளறும்போது
வெள்ளை கண்ணில் அடிக்கிறது.
நல்லது செய்தவன்போல ஒன்றும் தோன்றவில்லை.
முதுகு வலிக்கிறது.

போதகரிடம் சொன்னேன்.
அவர் உடனே வசனம் சொல்லாதது பிடித்திருந்தது.
டீ ஆறியபின்,
"எத்தனை லோடு இருக்கும்?" என்றார்.
பாவாயிக்கு மட்டும் பதினான்கு.
பாவாயிகள் எத்தனை என்று இன்னும் கூட்டி முடியவில்லை.
நோட்டைத் திறந்தால் ராத்திரி போதவில்லை.

சம்பளத்துக்கு மறுநாள் பேளூர் பஸ்.
வாழப்பாடியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று
ஒருமுறை எழுந்தும் நின்றேன்.
கண்டக்டர், "இங்கயா?" என்றார்.
இல்லை என்று உட்கார்ந்தேன்.

ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.
கவரை நீட்டினேன்.
பாவம், மன்னிப்பு, ஆண்டவர்,
வழியெல்லாம் அடுக்கிவந்த ஒரு வார்த்தையும்
வாயில் இல்லை. அவளும் கேட்கவில்லை.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
இன்னொரு தரம் எண்ணினாள்.

"மிச்சம் எப்போ?"

அடுத்த மாசம் பத்தாந்தேதி என்றேன்.
கரித்துண்டு எடுத்துச் சுவரில் எழுதினாள்.
எழுதுமுன் ஒருதரம் என்னைப் பார்த்தாள்,
நான் முள்ளைப் பார்ப்பதுபோல.